10சி படிவம்: பணமா, சான்றிதழா?

வேலை மாறுகிறவருக்கு முதல் ஆலோசனை பெரும்பாலும் பிரவுசிங் சென்டரில்தான் கிடைக்கிறது. "பி.எஃப். மொத்தத்தையும் எடுத்துடலாம்ணா, பென்ஷன் காசும் சேர்ந்து வந்துடும்." பி.எஃப். பணத்துக்கான படிவம் 19, பென்ஷனுக்கான படிவம் 10சி இரண்டும் ஒரே மூச்சில் போய்விடும். திருப்பூர் பனியன் கம்பெனி, ஓசூர் தொழிற்சாலை என்று எங்கே பார்த்தாலும் இந்தக் கூத்துதான்.

முதலாளி போடும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்புப்படி மாதம் 1,250 ரூபாய். 58 வயதில் மாதாந்திர பென்ஷன் வாங்க 10 ஆண்டு சேவை வேண்டும். அது ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. ஒரு மில்லில் 6 ஆண்டு, அடுத்ததில் 5 ஆண்டு என்றால் 11 ஆகிவிட்டது. முதல் மில்லை விட்டதுமே பென்ஷன் பணத்தை எடுத்தவருக்கு அந்த 6 ஆண்டு கணக்கிலேயே இல்லை. கையில் இருப்பது 5. பென்ஷன் கிடையாது.

அடுத்த வேலையிலும் பி.எஃப். உண்டென்றால் எதையும் எடுக்காதீர்கள். பழைய யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணையே புதிய கம்பெனியில் கொடுத்து, பி.எஃப். உறுப்பினர் தளத்தில் பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்த வேலை உடனே இல்லையா? அதே 10சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாக 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேட்கலாம். உங்கள் சேவைக்காலம் அதில் பதிவாகியிருக்கும். பிறகு சேரும் வேலையோடு கூட்டிக்கொள்ளலாம். மறுபடியும் சொல்கிறேன்: படிவம் ஒன்றுதான், நீங்கள் எதைக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கணக்கு மாற்றம் நின்றுபோவது பெரும்பாலும் பழைய வேலையிலிருந்து வெளியேறிய தேதி பதிவாகாததால். சில ஹெச்.ஆர். அலுவலகங்கள் வேண்டுமென்றே இதை இழுத்தடிக்கும். அவர்களிடம் கெஞ்ச வேண்டாம். கடைசி சந்தா போய் இரண்டு மாதம் கழிந்ததும், தளத்தில் 'மார்க் எக்ஸிட்' பகுதியில் ஆதார் ஓ.டி.பி. கொண்டு நீங்களே பதியலாம். ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பி.எஃப். கணக்கோடு ஒத்துப்போகாவிட்டால் முதலில் 'ஜாயின்ட் டிக்ளரேஷன்' கொடுத்துத் திருத்துங்கள்.

அதற்கும் கணக்கு மாற்றம் நடக்காவிட்டால் பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர்ப்புத் தளத்தில் புகார் பதிந்து புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். வாய்ப்பேச்சுப் புகாரை எந்த அலுவலரும் நினைவில் வைப்பதில்லை. மாதந்தோறும் 27-ம் தேதியை ஒட்டி பி.எஃப். குறைகளைக் கேட்கும் 'நிதி ஆப்கே நிகட்' முகாமும் நடக்கிறது. பாஸ்புக் நகலும் புகார் எண்ணும் எடுத்துக்கொண்டு போங்கள்.

போனில் தளத்தைத் திறந்திருக்கும்போதே நாமினேஷனையும் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்பு போட்டது கல்யாணத்துக்குப் பின் செல்லாது. மனைவி, பிள்ளைகள் பெயரில் புதிதாகப் போட வேண்டும்.