திங்கட்கிழமை வயிற்றுவலி

உயர்நிலைப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளைப் பெற்றோர் குடும்ப வைத்தியரிடம் அழைத்துவரும்போது அடிக்கடி சொல்லும் முறைப்பாடுகள் சில உண்டு. காலையில் வயிற்றுவலி, தலையிடி, சாப்பாட்டில் விருப்பமின்மை, இரவில் நித்திரையின்மை. இரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இராது. ஸ்கானிலும் ஒன்றும் இராது. ஆனால் வலி சனி, ஞாயிறில் குறைந்து, திங்கட்கிழமை காலையில் திரும்பி வரும். இப்படியான வேளைகளில் பிள்ளையோடு தனியாகப் பேசும்போது நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: "பள்ளிக்கூடத்திலை ஆராவது உனக்குக் கரைச்சல் தருகினமோ?"

இந்த வலி நடிப்பு அல்ல. எந்நேரமும் பயத்தோடு இருப்பவரின் உடலில் அட்ரினலின், கோர்ட்டிசோல் ஆகிய ஹோர்மோன்கள் கூடுதலாகச் சுரக்கின்றன. குடலின் அசைவு மாறுகிறது, கழுத்துத் தசைகள் இறுகுகின்றன, நித்திரை கெடுகிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, துன்புறுத்தப்படும் பிள்ளைகளுக்கு இத்தகைய உபாதைகள் வரும் சாத்தியம் மற்றப் பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு எனத் தெரியவந்தது. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும்கூட இவர்களிடையே அதிகம்.

எது புல்லியிங்?

இரு நண்பர்கள் ஒருநாள் சண்டைபிடிப்பது புல்லியிங் அல்ல. 1970களில் இத்துறை ஆய்வுகளைத் தொடங்கிய டான் ஒல்வேயஸ் மூன்று அடையாளங்களைக் குறிப்பிட்டார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் செய்வது. அடி மட்டுமல்ல; பெயரையும் நிறத்தையும் நக்கலடிப்பது, கொண்டுபோகும் சாப்பாட்டின் மணத்தைச் சொல்லிச் சிரிப்பது, குழுவிலிருந்து ஒதுக்குவது, தொலைபேசியில் வதந்தியும் படமும் பரப்புவது எல்லாம் இதற்குள் அடங்கும்.

துன்புறுத்துபவர் எப்போதும் வேற்றினப் பிள்ளை என்று எண்ண வேண்டாம். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளே, ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளையை 'ஃப்ரெஷி' என்று கேலிசெய்வதும் நடக்கிறது.

ஏன் எங்களிடம் சொல்வதில்லை?

பிள்ளைகள் சொல்லும் காரணங்கள் பெரும்பாலும் மூன்று. தொலைபேசியைப் பறித்துவிடுவார்கள். அப்பா பள்ளிக்கூடத்தில் போய்ச் சத்தம் போட, நிலைமை இன்னும் மோசமாகும். அல்லது, "நாங்கள் ஷெல்லடிக்குள்ளை படிச்சனாங்கள், இதென்ன பெரிய காரியமே?" என்று கேட்பார்கள்.

அகதியாக வந்தவன் என்ற முறையில் அந்தக் கடைசி வார்த்தை எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் ஷெல் விழுந்தபோது குடும்பமும் அயலும் ஒன்றாகவே பங்கருக்குள் இருந்தோம். துன்புறுத்தப்படும் பிள்ளை அறுநூறு பேருக்கு நடுவில் தனியாக நிற்கிறது. இரண்டையும் ஒரே தராசில் போட முடியாது. பிள்ளை ஒருமுறைதான் வாயைத் திறக்கும். அப்போது நாங்கள் நடந்துகொள்ளும் முறைதான், அடுத்த முறையும் எங்களிடம் வருமா என்பதைத் தீர்மானிக்கும்.

பிள்ளை சொன்னவுடன்

1. குறுக்கிடாமல் முழுவதையும் கேளுங்கள். "நீ என்ன செய்தனி?" என்று முதலில் கேட்க வேண்டாம். "இது உன்ரை பிழை இல்லை, சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள்.

2. "திருப்பி அடி" என்று சொல்ல வேண்டாம். பிள்ளைக்குக் காயம் வரலாம். இடைநிறுத்தம் உங்கள் பிள்ளைக்கே கிடைக்கலாம்.

3. மற்றப் பிள்ளையின் பெற்றோருக்கு நேரே தொலைபேசி எடுக்க வேண்டாம். கோயிலிலும் கலியாண வீட்டிலும் சந்திக்கும் எங்கள் சமூகத்தில் அது குடும்பப் பகையாகிவிடும். பிள்ளைக்கோ தீர்வு வராது.

4. தொலைபேசியைப் பறிக்க வேண்டாம். வந்த செய்திகளை அழிக்காமல் திரைப்படம் பிடித்து வையுங்கள். திகதி, இடம், நடந்தது, பார்த்தவர் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள்.

பாடசாலையை அணுகும் முறை

வாயால் சொன்னது மறக்கப்படும். ஆகவே உப அதிபருக்கோ அதிபருக்கோ மின்னஞ்சல் அனுப்பிச் சந்திப்புக் கேளுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் அதையும் அதிலேயே எழுதுங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். தன் அவமானத்தைத் தானே சொல்ல வேண்டிவரும்போது பிள்ளை பாதியை விழுங்கிவிடும்.

ஒன்ராறியோவில் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2010 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, இத்தகைய சம்பவத்தை அறியும் பாடசாலை ஊழியர் அதிபருக்கு அறிவிக்க வேண்டும். அதிபர் பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டுச் சட்டம் புல்லியிங் என்பதற்கு வரைவிலக்கணம் தந்து, இணையவழித் துன்புறுத்தலையும் அதில் சேர்த்தது. மற்றப் பிள்ளையின் பெயரை அதிபர் உங்களுக்குச் சொல்ல முடியாது. அதற்காகக் கோபிக்க வேண்டாம். கேட்க வேண்டியவை வேறு: சாப்பாட்டு நேரத்திலும் உடைமாற்றும் அறையிலும் பிள்ளையை யார் கவனிப்பார்? பயம் வந்தால் பிள்ளை எந்த ஆசிரியரிடம் போகலாம்? நாம் மீண்டும் எந்தத் திகதியில் பேசுவோம்? பதில் திருப்தியில்லையெனில் கல்விச்சபையின் சுப்பிரின்டென்டனுக்கு எழுதலாம்.

அடி, மிரட்டல் என்றால் பொலிசாரிடம் போகலாம். ஒருவரின் அந்தரங்கப் படத்தை அவர் சம்மதமின்றிப் பரப்புவது 2015 முதல் கனடாவில் குற்றவியல் குற்றம்.

பார்த்து நிற்கும் பிள்ளைகள்

யோர்க் பல்கலைக்கழகத்தின் டெப்ரா பெப்லரும் சக ஆய்வாளர்களும் ரொறன்ரோ ஆரம்பப் பாடசாலைகளில் விளையாட்டிடங்களை அவதானித்து 2001இல் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். 100க்கு 88 சம்பவங்களில் மற்றப் பிள்ளைகள் அருகில் இருந்தார்கள். 19இல் மட்டுமே யாராவது தலையிட்டார்கள். தலையிட்டபோதோ, பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் 10 செக்கனுக்குள் துன்புறுத்தல் நின்றது. ஆகவே துன்புறுத்தப்படாத பிள்ளையோடும் பேசுங்கள். வீரம் காட்ட வேண்டியதில்லை. "வா, எங்களோடை இரு" என்று அழைப்பதும், ஆசிரியரிடம் சொல்வதும் போதும்.

துன்புறுத்துவது உங்கள் பிள்ளை என்று பாடசாலை அறிவித்தால், "என்ரை பிள்ளை அப்படிச் செய்யாது" என்று தொடங்க வேண்டாம். அடிக்கவும் வேண்டாம், பலமுள்ளவர் அடிக்கலாம் என்ற பாடத்தையே அது மீண்டும் கற்பிக்கும். என்ன நடந்ததென்று கேட்டு, பாடசாலையோடு சேர்ந்து எல்லை வையுங்கள்.

அவசர அறிகுறிகள்

"நான் இல்லாவிட்டால் நல்லம்" என்ற பேச்சு, தன்னைத்தானே வெட்டிக்கொள்வது, விருப்பமான பொருட்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது ஆகியவற்றைக் கண்டால் காத்திருக்க வேண்டாம். "சாக வேணும் எண்டு நினைக்கிறியோ?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. மாறாக, பிள்ளையின் பாரம் குறையும். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், பிள்ளையைத் தனியே விட வேண்டாம். 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு இலக்கம் இரவுபகலாக இயங்குகிறது. கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் இலக்கம் 1-800-668-6868. 686868க்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உயிராபத்து என்றால் 911.

உங்கள் குடும்ப வைத்தியரிடமும் பிள்ளையை அழைத்து வாருங்கள். சில நிமிடங்கள் வெளியே இருந்து, பிள்ளை தனியாகப் பேச இடம் கொடுங்கள். வலிக்கு மருந்து தேடும்போது அதன் காரணத்தையும் சேர்த்துத் தேடுவோம்.