அரசு வேறு, நாடு வேறு

'தேசத் துரோக வழக்கு' என்ற சொற்களை நாம் செய்தித்தாள்களில் அவ்வப்போது வாசிக்கிறோம். யார் தேசத் துரோகி? நாட்டைப் பகைவருக்குக் காட்டிக்கொடுப்பவரா? அல்லது, அரசின் ஒரு திட்டம் தம் வாழ்வுக்கு ஆபத்து என்று சொல்பவரா? இந்த இருவரும் ஒருவரல்லர். இருவரையும் ஒன்றாக்கும்போதுதான் மக்களின் பேச்சுரிமை பறிபோகிறது.

இந்தச் சட்டம் சுதந்திர இந்தியா இயற்றியதல்ல. 1870-ல் ஆங்கிலேய அரசு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124-அ என்ற பிரிவைச் சேர்த்தது. 'இராஜத் துரோகம்' என்றே நம் முன்னோர் அதனை அழைத்தனர். திலகரும் காந்தியடிகளும் இப்பிரிவின்கீழ் சிறை சென்றனர். 1908-ல் திருநெல்வேலி நீதிமன்றம் வ.உ.சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்ததும் இதே குற்றச்சாட்டில்தான். ஆங்கிலேயர் போயினர், சட்டம் போகவில்லை. 'இராஜத் துரோகம்' என்பது மக்கள் பேச்சில் 'தேசத் துரோகம்' ஆனது.

1962-ல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு எல்லையை வகுத்தது. அரசை எவ்வளவு கடுமையாக விமர்சித்தாலும் அது இக்குற்றமாகாது. வன்முறையைத் தூண்டினால், பொது அமைதியைக் குலைக்க முனைந்தால் மட்டுமே குற்றம் என்றது. ஆனால் நீதிமன்றம் சொன்னதைக் காவல் நிலையங்கள் கடைப்பிடித்தனவா?

வ.உ.சி.க்குத் தண்டனை வழங்கிய அதே திருநெல்வேலி மாவட்டத்தின் கடற்கரைக்குச் செல்வோம். ஜப்பானில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நிகழ்ந்த 2011-ல், கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிராக இடிந்தகரை மக்கள் போராடத் தொடங்கினர். மீனவர்களும் பீடி சுற்றும் பெண்களும் லூர்து மாதா ஆலய வளாகத்தில் பந்தலிட்டு உண்ணாநோன்பு இருந்தனர். 2012 மார்ச்சில் இராதாபுரம் வட்டாரத்தில் 144 தடையுத்தரவு போடப்பட்டது. செப்டம்பர் 10-ல் கடற்கரையில் கூடியிருந்தவர்கள்மீது தடியடியும் கண்ணீர்ப்புகையும் பாய்ந்தன. அன்றே மணப்பாட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் மீனவர் ஒருவர் உயிரிழந்தார்.

இவற்றோடு முடியவில்லை. பல்லாயிரம் பேர்மீது வழக்குகள் பதிவாயின. அவற்றுள் தேசத் துரோக வழக்குகளும் இருந்தன. சிலரின் பெயரை எழுதி, 'மற்றும் பலர்' என்று சேர்த்துவிட்டால் போதும். ஊரில் எவரையும் அதில் அடக்கிவிடலாம். இத்தகைய வழக்கில் தீர்ப்பு வரும் முன்பே தண்டனை தொடங்கிவிடுகிறது. குற்றவழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டு வேலையை நம்பியிருக்கும் கடலோர இளைஞருக்கு அதன் பொருள் என்ன என்பது நமக்குத் தெரியும். ஒருவர்மீது போடும் வழக்கு, பேச நினைக்கும் பத்துப் பேரின் வாயை அடைத்துவிடுகிறது.

அணுமின்சாரம் வேண்டுமா, வேண்டாமா என்பதில் நம்மிடையே இருவேறு கருத்துகள் இருக்கலாம். மின்வெட்டால் தவித்த அந்நாள்களில், உலை வேண்டும் என்றவர்களும் பலர். 2013 மே மாதம் உலை இயங்க அனுமதித்த உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள்மீதான குற்றவழக்குகளைத் திரும்பப்பெற முயற்சி செய்யுமாறும் கூறியது. திட்டம் சரி என்றே வைத்துக்கொண்டாலும், அதை எதிர்த்தவர் துரோகி ஆகிவிடுவதில்லை. கல்லெறிந்தவர் எவரேனும் இருந்தால், அவர்மீது அக்குற்றத்திற்குரிய பிரிவில் வழக்குத் தொடரலாம். ஊரையே தேசத் துரோக வழக்கில் சேர்ப்பது நீதியாகுமா?

2022 மே 11-ல் உச்ச நீதிமன்றம் 124-அ பிரிவை நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. இதில் அந்தப் பழைய பிரிவு இல்லை. ஆனால் நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பதாகக் கூறும் 152-ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கும் ஆயுள் தண்டனை வரை உண்டு. எனவே நாம் விழிப்பாயிருப்பது அவசியம்.

நம் உரிமைகள் எவை? அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு, பேசவும் கருத்து வெளியிடவும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும் உரிமை தருகிறது. நியாயமான கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் மக்கள் தங்கள் குறைகளைச் சொல்வதை நசுக்க 144 தடையுத்தரவைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 22-ஆம் பிரிவின்படி, கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். வழக்கறிஞரை அணுக விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர்முன் நிறுத்த வேண்டும். காவலில் இருப்போருக்கும் பெண்களுக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசச் சட்ட உதவி உண்டு.

திருத்தந்தை 23-ஆம் யோவான் 1963-ல் வெளியிட்ட 'பாச்செம் இன் தெரிஸ்' சுற்றுமடல், அறநெறிக்கும் பொதுநன்மைக்கும் உட்பட்டுத் தன் கருத்தை வெளியிடும் உரிமையை மனித உரிமைகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. இந்த உரிமை நம்மோடு ஒத்துப்போகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல. நமக்கு உடன்பாடில்லாத கோரிக்கைக்காக அமைதியாக அமர்ந்திருப்போருக்கும் அது உரியது. அடுத்த ஊரில் ஒருவர் பேசியதற்காக வழக்கில் சிக்கும்போது, 'நமக்கு எதற்கு வம்பு?' என்று கடந்துபோகிறோமா? அல்லது, 'அவர் என்னதான் சொன்னார்?' என்று முதலில் கேட்கிறோமா? பிறரின் குரலைக் காக்கும் பொறுப்பு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.