இலையைப் பார்க்கிறோம், உடம்பைப் பார்க்கிறோமா?

இயற்கை உழவர்களான நமக்கு ஒரு பெருமை உண்டு. பயிரைப் பார்த்தே குறையைச் சொல்லிவிடுவோம். அடியிலை மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை, கொழுந்து வெளுத்தால் இரும்புச்சத்து போதவில்லை. ஆனால் நம் உடம்பில் வலி வந்தால் மட்டும், "கழனி வேலை செய்யறவனுக்கு வலி இல்லாமலா? தானா போயிடும்" என்று விட்டுவிடுகிறோம். "நஞ்சில்லாத சோறு சாப்பிடறோம், நமக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல உணவு பல நோய்களைத் தள்ளிப்போடும். எல்லாவற்றையும் தடுத்துவிடாது.

அதற்காக எல்லா வலிக்கும் ஓட வேண்டியதில்லை. எது எப்படி என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

பொறுத்துப் பார்க்கலாம்

மல்லாட்டை பிடுங்கி, தெளிப்பானை முதுகில் மாட்டிப் பஞ்சகவ்யம் அடித்த மறுநாள் இடுப்பும் தோளும் வலிக்கத்தான் செய்யும். அசைந்தால் வலிக்கும், ஓய்வெடுத்தால் குறையும், நாளுக்கு நாள் தணியும். இதற்கு நொச்சி ஒத்தடமும் தைலமும் போதும். படுத்தே கிடக்காமல் மெதுவாக நடமாடுங்கள். பெரும்பாலான இடுப்புவலி சில வாரங்களில் ஆறிவிடும்.

அதே இடுப்புவலியோடு கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்பு நசுங்குகிறது என்று பொருள். தாமதித்தால் போன பலம் திரும்புவது கடினம். ராத்திரி தூக்கத்தைக் கலைக்கிற வலி, காய்ச்சலோடு வரும் வலி, காரணமில்லாமல் உடம்பு மெலிவதோடு வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடாதீர்கள்.

சேற்றில் இறங்கி வேலை செய்த ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்காலில் கடும் வலியும் கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சேற்றில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வாயு என்று நினைக்காதீர்கள்

நம் ஊரில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடக்கும்போது நெஞ்சு இறுக்கிப் பிடித்து, உட்கார்ந்தால் விட்டுவிடுகிறதா? அது இதயம் தரும் முன்னறிவிப்பு. நடக்கும்போது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் சரியாகிறதா? காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். பீடி பிடிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

சும்மா இருக்கும்போதே நெஞ்சில் பாரம், வியர்வை, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி என்றால் சோடாவும் ஓமத்தண்ணியும் குடித்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழையுங்கள். 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

வலிக்காத ஆபத்து

வலி இல்லை என்பதாலேயே நலம் என்று சொல்லிவிட முடியாது. கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியும் இருக்காது, தடமும் தெரியாது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிறு வலிக்கிறது என்கிறார், கண் இமை தொங்குகிறது என்றால் பாம்புக்கடி என்றே எண்ணி, விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு ஓடுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் முள் ஏறிப் புண்ணானாலும் வலிக்காது. மாரடைப்புகூட வலியில்லாமல் மூச்சுத்திணறலாக மட்டும் வரலாம். வெறுங்காலோடு கழனியில் நடப்பவர்கள் தினமும் சாயங்காலம் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

கட்டியும் அப்படித்தான். நம் ஊர் ரமண மகரிஷிக்கு இடது முழங்கை அருகே வந்த சிறு கட்டி 1949 பிப்ரவரியில் அகற்றப்பட்டது. அது மறுபடி வளர்ந்தது. சார்கோமா என்ற புற்று. நான்கு முறை அறுவை செய்தும் 1950 ஏப்ரல் 14-ல் மறைந்தார். அவர் வலியைத் தாங்கியதை நாம் வியந்து பேசுகிறோம். கையை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை என்பதையும் சொல்கிறோம். ஆனால் மருத்துவர்களிடம் கையை நீட்டியவரும் அவர்தான். ஞானியின் பொறுமையைச் சொல்லி நாம் வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம். வளர்கிற கட்டி எதுவானாலும், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் காட்டிவிடுங்கள்.

என்ன சொல்ல வேண்டும்?

டாக்டரிடம் "உடம்பெல்லாம் வலி" என்று மட்டும் சொன்னால் போதாது. எங்கே வலி, எப்போது தொடங்கியது, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, கூட வேறு என்ன இருக்கிறது என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சாப்பிடும் கஷாயம், சூரணம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான் வேலை பார்த்த வங்கியில், குறுகிய காலப் பயிர்க்கடனை இரண்டு பருவம் தவணை தவறிய பிறகுதான் வராக்கடன் என்று எழுதுவோம். உடம்பு அவ்வளவு தவணை கொடுக்காது. அடுத்த நடவுக்கு நாம் இருந்தால்தானே விதையும் மண்ணும் நமக்கு உதவும்?