நாணயத்துக்கு உறையே பகை

ஊரை விட்டு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்ட நம் குடும்பங்களில், பூர்வீகச் சொத்து என்று சொல்ல நிலமோ வீடோ பெரும்பாலும் மிஞ்சியிருப்பதில்லை. பீரோவின் உள்ளறையில் பாட்டி மஞ்சள் துணியில் முடிந்து கொடுத்த நாலைந்து வெள்ளி ரூபாயும் ஒரு பிடி ஓட்டைக் காலணாவும் இருக்கும். பேரப்பிள்ளைகள் பார்க்கட்டுமே என்று பிளாஸ்டிக் ஆல்பம் ஒன்று வாங்கி, அவற்றை ஒவ்வொன்றாகச் செருகி வைக்கிறோம். சில ஆண்டுகள் கழித்துத் திறந்தால் காசின் மேல் பச்சையாக ஏதோ பிசுபிசுக்கிறது. துணி முடிச்சில் ஐம்பது ஆண்டு கெடாத காசு, ஆல்பத்தில் ஏன் கெட்டது?

காரணம் அந்த உறையின் பிளாஸ்டிக். மலிவான ஆல்பங்களின் மெத்தென்ற உறைகள் பெரும்பாலும் பி.வி.சி. எனப்படும் பாலிவினைல் குளோரைடால் ஆனவை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. தண்ணீர்க் குழாயைப் பார்த்தாலே தெரியும். அதை வளையும்படி செய்ய எண்ணெய் போன்ற ஒரு மென்மையூட்டியைச் சேர்க்கிறார்கள். நாளடைவில் அது கசிந்து வெளியே வந்து காசின் மேல் படிகிறது. வெப்பத்திலும் வெளிச்சத்திலும் பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் சிறுகச் சிறுக வெளியாகிறது. அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். அந்த அமிலம் தாமிரத்தைத் தின்னும்போது உண்டாவதுதான் பச்சைப் பசை. ரயில்வேயில் பணியாற்றியபோது, பழைய பி.வி.சி. உறையிட்ட தாமிரக் கம்பிகளின் முனையில் இதே போன்ற பச்சைப் பசையைப் பார்த்திருக்கிறேன்.

‘என்னுடையது வெள்ளி ரூபாயாயிற்றே’ என்று கேட்கலாம். 1835 முதல் 1939 வரையிலான ஒரு ரூபாய் நாணயத்தின் எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்குதான் வெள்ளி, மீதி தாமிரம். 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். 1969-ல் வெளியான காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாயில் 80 சதவீதம். ஆகவே வெள்ளிக் காசிலும் பச்சை பூக்கும்.

வெள்ளி கறுப்பது வேறு விஷயம். அது கந்தகத்தின் வேலை. காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் கந்தக வாயுக்கள் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய சல்பைடு படலத்தை உண்டாக்குகின்றன. படலம் மெல்லியதாக இருக்கும்போது பொன் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம், தடித்தால் கறுப்பு. மழை பெய்த தெருவில் சிந்திய எண்ணெய் வானவில்லாகத் தெரிவதும் இந்தக் கணக்கில்தான். இந்தப் படலம் ஒரே சீராகப் படிந்திருந்தால் சேகரிப்பாளர்கள் அதைக் குறையாக நினைப்பதில்லை. காசின் வயதுக்குச் சாட்சி என்று மதிப்பார்கள். ஆனால் ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்தால் காசின் குறுக்கே கறுப்புக் கோடு விழும். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்க்கிறார்கள் என்பதே காரணம். கம்பளித் துணி, செய்தித்தாள், மட்டமான பழுப்புக் கவர் ஆகியவையும் ஆகாது.

நம் ஆல்பம் எந்த வகை என்று எப்படி அறிவது? முதலில் முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனை வந்தால் சந்தேகப்படலாம். அடுத்து, உறையிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, காற்றுக் குமிழி ஒட்டாதபடி நனைத்துத் தண்ணீரில் போடுங்கள். பாலிஎதிலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். அவை கெடுதல் செய்யாதவை. பி.வி.சி. மூழ்கும். ஆனால் நல்ல வகையான பாலியெஸ்டரும் மூழ்கும். இரண்டையும் பிரித்தறிய ஒரு பழைய சோதனை உண்டு. தாமிரக் கம்பியைக் குறடால் பிடித்துத் தணலாகச் சுட வைத்து, பிளாஸ்டிக்கில் தொட்டு எடுத்து, மறுபடி நீலச் சுடரில் காட்டுங்கள். சுடர் பளிச்சென்று பச்சையானால் அதில் குளோரின் இருக்கிறது, அதாவது பி.வி.சி. இதன் புகை நல்லதல்ல. பெரியவர்கள் மட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து, கடுகளவு பிளாஸ்டிக்கில் செய்து பார்க்க வேண்டும்.

மாற்று உறை வாங்கும்போது ‘பி.வி.சி. இல்லாதது’ என்று கேட்டு வாங்குங்கள். மைலார் என்ற பாலியெஸ்டர் உறைகள் சற்று விறைப்பாக இருக்கும். நாணயத்தைச் செருகும்போது உராயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டமான கெட்டி அக்ரிலிக் டப்பிகள் விலை கூடுதல். நல்ல காசுக்கு ஏற்றவை. அட்டைச் சட்டத்தில் வைத்து ஸ்டேப்ளர் அடிக்கும் வகையில், பின்னின் முனையைக் குறடால் தட்டையாக்கி விடுங்கள். இல்லையென்றால் பக்கத்துக் காசைக் கீறிவிடும்.

உறைக்கு அடுத்தபடி இடம். மும்பையில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தைத் தாண்டும். நாணயங்களுக்கு 50-க்குக் கீழே இருப்பது நல்லது. ஓதம் காக்கும் வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும், சமையலறைப் பரணும் வேண்டாம். சில மரங்கள் அமில ஆவியை வெளியிடும். எனவே மர அலமாரியை விட இரும்பு பீரோ மேல். மூடி இறுக்கமான எவர்சில்வர் சம்புடத்தில் காசுகளை உறையோடு வைத்து, ஒரு துணிப்பையில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரத்தைக் குடித்துவிட்டன என்று பொருள். சூடாக்கி உலர்த்தினால் திரும்ப நீலமாகும். அந்துருண்டை போடாதீர்கள். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

இனி, நம் வீடுகளுக்கே உரிய ஓர் ஆபத்து: புளியும் விபூதியும். புளியின் அமிலம் களிம்போடு தாமிரத்தின் மேல்தோலையும் சேர்த்துக் கரைக்கும். விபூதியும் பற்பசையும் மிருதுவான வெள்ளியில் ஆயிரம் கீறல் போடும். குத்துவிளக்கு பளபளக்க வேண்டியதுதான். பழங்காசு அப்படித் தேய்த்த மறுநிமிடமே சேகரிப்பாளர் கண்ணில் மதிப்பிழந்துவிடும். பூஜையில் வைக்கும் காசைத் தேய்ப்பது உங்கள் விருப்பம். பாதுகாக்க நினைக்கும் காசைத் தேய்க்கவே கூடாது. எடுக்கும்போதும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள். விரலின் வியர்வையில் உப்பு இருக்கிறது.

ஏற்கெனவே பச்சைப் பசை படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோன் வாங்கிக்கொள்ளுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் வேறு எண்ணெய்களும் கலந்திருப்பதால் அது உதவாது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, காசை அதில் சில நிமிடம் ஊற வைத்து, புது அசிட்டோனில் ஒருமுறை அலசி, துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் எரியாத, காற்றோட்டமான இடத்தில், குழந்தைகள் அருகில் இல்லாதபோது செய்ய வேண்டும். பசை போகும்; ஆனால் அமிலம் அரித்த குழி போகாது. தாமிரக் காசில் வெளிர்பச்சையாக மாவு போல் உதிர்ந்து, துடைத்தாலும் மறுபடி பூத்தால் அரிப்பு உள்ளே தொடர்கிறது என்று அர்த்தம். அதை மற்ற காசுகளிலிருந்து பிரித்து, நன்றாக உலர்ந்த டப்பாவில் தனியே வையுங்கள்.

குழி விழுந்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதால், இந்த மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை எடுத்து முகர்ந்து பாருங்கள். மழைக்கோட்டு வாசனை வந்தால் அன்றைக்கே காசுகளை வெளியே எடுத்துவிடுங்கள். நல்ல உறை வாங்கும் வரை, துவைத்து நன்றாக உலர்ந்த வெள்ளைப் பருத்தித் துணியில் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக மடித்து வைத்தால் போதும்.