தோல்முட்டையும் நுண்ணோக்கியும்

எங்கள் கோழி ஓடில்லாத தோல்முட்டை இட்டது. ‘கண்பட்டுவிட்டது, சந்தையில் விற்றுவிடலாம்’ என்றார் என் தாயார். நுண்ணோக்கி காட்டும் காரணமோ வேறு!

கோழிக்கு இடப்பக்க முட்டைக்குழாயே முழுவளர்ச்சி பெறுகிறது. அதன் உட்புற மடிப்புகளில் குற்றிழைச் செல்களும் சுரப்புச் செல்களும் அமைந்துள்ளன. முதலில் புனல் போன்ற வாய்ப்பகுதி மஞ்சட் கருவை ஏந்துகிறது. அடுத்த பகுதியின் குழல்வடிவச் சுரப்பிகள் ஏறத்தாழ 3 மணி நேரத்தில் வெண்கருவைச் சேர்க்கின்றன. பின்னர் குறுகிய பகுதியில் இரு சவ்வுகள் போர்த்தப்படுகின்றன. ஓட்டுச் சுரப்பியில் முட்டை சுமார் 20 மணி நேரம் தங்குகிறது. அச்செல்கள் சுண்ணாம்பைச் சேமித்து வைப்பதில்லை, இரத்தத்திலிருந்தே பெறுகின்றன. தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடும் குறைவுபடும்.

துறையூருக்கு மேற்கேயுள்ள நாமக்கல் பண்ணைகளில் தீவனத்துடன் கிளிஞ்சல் சேர்ப்பது இதனால்தான். எங்கள் கோழிக்கும் கிளிஞ்சல் தூள் கிடைத்தது. சந்தைப் பயணம் நின்றது.