எது முந்தியது?

ஈரற் புற்றுநோய்க்கும் ஹெப்பற்றைற்றிஸ் ‘பி’ வைரசுக்கும் தொடர்பு இருக்கலாமென மருத்துவர்கள் முன்பே ஐயுற்றனர். ஆயினும் நோயாளியின் குருதியில் வைரசைக் காண்பதால் மட்டும், நோய் முந்தியதா, வைரசு முந்தியதா எனத் துணிய இயலாது.

எனவே அமெரிக்க மருத்துவர் பாமர் பீஸ்லி, 1975இல் தாய்வானில் வேறு வழியை மேற்கொண்டார். அரச ஊழியரான 22,707 ஆண்களின் குருதியை, அவர்கள் நலமாக இருந்தபோதே சோதிக்கச் செய்தார். 3,454 பேரிடம் வைரசு இருந்தது. பின்னர் மருந்தேதும் கொடாது, யாருக்கு என்ன நேர்கின்றது என்பதைப் பல்லாண்டுகள் பதிவுசெய்தனர். இதுவே அவதானிப்பு ஆய்வு எனப்படுவது.

1981இல் முடிவு வெளியாயிற்று. ஈரற் புற்றுநோயால் இறந்த 41 பேரில் 40 பேர், தொடக்கத்திலேயே வைரசைக் கொண்டிருந்தவர்கள்! எது முந்தியது என்ற வினாவுக்கு விடை கிடைத்தது.

வைரசைத் தடுத்தால் புற்றுநோயையும் தடுக்கலாமன்றோ? 1984இல் தாய்வான் குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஏற்றத் தொடங்கியது. பத்தாண்டுகளுக்குள் சிறுவரிடையே அந்நோய் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது.

அன்புப் பெற்றோரே! இவ்வைரசு அறிகுறியேதுமின்றிப் பல்லாண்டுகள் உடலில் உறையும். பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் தொற்றும். உங்கள் குருதிச் சோதனை பற்றியும் பிள்ளைகளின் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் தயங்காது வினவுங்கள்.