அச்சிடப்பட்ட உலோகத்தில் மறைந்திருக்கும் குறைகள்: கண்டறிவது எப்படி?

திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகத்தில், 2024 மே 9-ஆம் தேதி ராக்கெட் என்ஜின் ஒன்று 665 விநாடிகள் இயக்கிச் சோதிக்கப்பட்டது. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் நிலையில் பயன்படுத்தப்படும் பி.எஸ்.4 என்ஜினின் புதிய வடிவம் அது. முன்பு 14 பாகங்களாகச் செய்து இணைக்கப்பட்டு வந்த அந்த என்ஜின், இம்முறை உலோகத் தூளிலிருந்து ஒரே பாகமாக அச்சிடப்பட்டிருந்தது.

இஸ்ரோவின் திரவ உந்துவிசை அமைப்புகள் மையம் வடிவமைக்க, விப்ரோ 3டி நிறுவனம் இதனைத் தயாரித்தது. இதன் மூலம் 19 பற்றவைப்பு இணைப்புகள் தவிர்க்கப்பட்டன. 565 கிலோ உலோகம் தேவைப்பட்ட இடத்தில் 13.7 கிலோ உலோகத் தூள் போதுமானதாக இருந்தது. தயாரிப்புக் காலமும் 60 சதவீதம் குறைந்ததாக இஸ்ரோ தெரிவித்தது.

இந்தச் சாதனைக்குள் ஒரு சிக்கலும் அடங்கியுள்ளது. 14 பாகங்களாக இருந்தபோது ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்து, குறையுள்ளதை மட்டும் விலக்கிவிட முடிந்தது. ஒரே பாகமாக அச்சிடும்போது அந்த இடைநிலைச் சோதனைகள் இல்லாமல் போகின்றன. எங்கோ ஓர் இடத்தில் குறை நேர்ந்தாலும் முழு என்ஜினையும் ஒதுக்க வேண்டிவரும். எனவே, முடிவில் செய்யப்பட்டு வந்த தரச்சோதனை, உற்பத்தியின் ஒவ்வொரு கணத்துக்குள்ளும் நகர வேண்டியதாகிறது. ராக்கெட் துறையில் எழுந்த இத்தேவை, உதிரிபாகங்களுக்காகக் கப்பலை எதிர்நோக்கும் நிகோபாரின் கட்சால் போன்ற தீவுகளுக்கும் நாளை பொருந்தக்கூடியது.

பொருளும் வடிவமும் ஒரே நேரத்தில்

வழக்கமான உற்பத்தியில் உலோகம் முதலில் ஆலையில் உருவாகிறது. அதன் வலிமை சோதிக்கப்பட்டுச் சான்றளிக்கப்படுகிறது. பின்னரே அது கடைந்தும் வெட்டியும் வடிவம் பெறுகிறது. முப்பரிமாண அச்சில் இந்த இரண்டு படிகளும் ஒன்றாகிவிடுகின்றன. வடிவம் உருவாகும் அதே நொடியில்தான் அந்த உலோகமும் உருவாகிறது.

உலோகப் பாகங்களுக்குப் பெரிதும் பயன்படும் முறையில், மனித முடியைவிட மெல்லிய அளவில் தூள் ஒரு தட்டின் மீது பரப்பப்படுகிறது. கணினியில் உள்ள வரைபடத்தின்படி லேசர் கற்றை அத்தூளை உருக்கிச் செல்கிறது. தட்டு சற்றே கீழிறங்க, அடுத்த அடுக்குத் தூள் பரப்பப்படுகிறது. ஓர் அடுக்கின் தடிமன் 0.04 மில்லிமீட்டர் எனக் கொண்டால், 30 சென்டிமீட்டர் உயரமுள்ள பாகத்துக்கு 7,500 அடுக்குகள் தேவை.

லேசர் தடங்களுக்கு இடையிலான தொலைவு 0.1 மில்லிமீட்டர் என்றால், ஒரு கன சென்டிமீட்டர் உலோகத்தை உருவாக்க லேசர் 250 மீட்டர் பயணிக்க வேண்டும். நூறு கன சென்டிமீட்டருக்கு அது 25 கிலோமீட்டர் ஆகிறது. அவ்வளவு நீளமான தடத்தில், ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவில் நேரும் பிழைகூட அப்பாகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கக்கூடும்.

குறைகள் எவ்வாறு உருவாகின்றன?

உலோக அச்சில் அதிகம் காணப்படுபவை நுண்துளைகள். அவை உருவாகும் விதத்தைப் பொறுத்து வகைப்படுத்தப்படுகின்றன.

லேசரின் ஆற்றல் குறைந்தாலோ, அதன் வேகம் கூடினாலோ, தூள் முழுமையாக உருகாமல் அடுக்குகளுக்கு இடையே வெற்றிடம் விழுகிறது. ஒட்டாமல் நின்ற இந்த இடைவெளிகள் ஒழுங்கற்றவை, கூர்முனைகள் கொண்டவை. மாறிமாறி வரும் விசைக்கு உட்படும் பாகங்களில் விரிசல் தொடங்க இவை வழிவகுப்பதால், மிகுந்த ஆபத்துடையவையாகக் கருதப்படுகின்றன.

இதற்கு மாறாக, லேசரின் ஆற்றல் மிகும்போது உலோகம் உருகுவதோடு ஆவியாகவும் செய்கிறது. ஆவியின் அழுத்தத்தால் உருகிய உலோகத்தில் ஆழமான, குறுகிய குழி தோன்றுகிறது. பூட்டின் சாவித்துளையோடு ஒப்பிடப்படும் இக்குழியின் அடிப்பகுதி துண்டிக்கப்பட்டால், அங்கே ஒரு குமிழி சிறைப்படுகிறது. உலோகத் தூளைத் தயாரிக்கும்போதே துகள்களுக்குள் அடைபட்ட ஆர்கான் வாயுவும் சிறு உருண்டைத் துளைகளாக எஞ்சக்கூடும்.

நுண்துளைகளுடன் பிரச்சினை முடிவதில்லை. உலோகம் நொடிப்பொழுதில் உருகி உறைவதால் உள்ளே இழுவிசை தங்கிவிடுகிறது. அது பாகத்தை வளைக்கலாம், விரிசலையும் ஏற்படுத்தலாம். விளிம்பு மேல்நோக்கி வளைந்தால், தூள் பரப்பும் தகடு அதில் மோதி வேலையே நின்றுவிடும். உருகும் இடத்திலிருந்து தெறிக்கும் துளிகள் அருகிலுள்ள தூளில் விழுந்து, அந்த இடத்தில் மட்டும் தடிமனைக் கூட்டிவிடுவதும் உண்டு. அதன் அடியில் உலோகம் சரிவர உருகாமல் போகிறது.

தூளிலிருந்தே தொடங்கும் சோதனை

இதனால் தரக்கட்டுப்பாடு, அச்சுப்பொறி இயங்குவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தூளின் துகள் அளவு, உருண்டை வடிவம், வேதிக்கலவை, ஈரப்பதம், பாயும் தன்மை ஆகியவை சோதிக்கப்படுகின்றன. உருகாமல் மிஞ்சிய தூளைச் சலித்து மீண்டும் பயன்படுத்துவது வழக்கம். ஒவ்வொரு முறையும் அது சிறிது ஆக்சிஜனை ஏற்றுக்கொள்ள வாய்ப்புள்ளதால், எந்தத் தொகுதித் தூள் எத்தனை முறை பயன்பட்டது என்ற பதிவும் பேணப்படுகிறது.

அச்சு நடக்கும் அறை ஆர்கான் அல்லது நைட்ரஜன் வாயுவால் நிரப்பப்படுகிறது. அதில் ஆக்சிஜன் அளவு உயராதபடி உணரிகள் கண்காணிக்கின்றன. லேசரின் ஆற்றலும் கற்றையின் குவியமும் குறிப்பிட்ட கால இடைவெளியில் அளவிடப்படுகின்றன.

அடுக்குக்கு அடுக்கு கண்காணிப்பு

அச்சு தொடங்கியபின், ஒவ்வோர் அடுக்கும் பரப்பப்பட்டவுடன் கேமரா படம் எடுக்கிறது. தூள் பரவாத இடம், தகடு இழுத்த கோடு, மேலெழுந்த விளிம்பு ஆகியவற்றை மென்பொருள் அடையாளம் காண்கிறது. லேசர் படும் இடத்திலிருந்து வரும் ஒளியையும் வெப்பத்தையும் வேறு உணரிகள் பதிவு செய்கின்றன.

உலோகத்துக்குள் நடப்பதை நேரடியாகக் காணும் முயற்சியும் வெற்றி பெற்றுள்ளது. அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் உள்ள சக்திவாய்ந்த எக்ஸ்-கதிர் மூலத்தைப் பயன்படுத்தி, லேசரின் கீழ் சாவித்துளைக் குழி எந்நிலையில் உருவாகிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் படம்பிடித்தனர். இம்முடிவுகள் 2019-ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. 2023-ஆம் ஆண்டு அதே இதழில் வெளியான மற்றோர் ஆய்வு, வெப்பப் படங்களையும் எக்ஸ்-கதிர்ப் படங்களையும் இணைத்து இயந்திரக் கற்றலுக்குப் பயிற்சி அளித்தது. டைட்டானியம் உலோகக் கலவையில் துளை விழும் தருணத்தை, ஒரு மில்லிவிநாடிக்கும் குறைவான கால நுணுக்கத்தில் கண்டறிய முடியும் என்பதை அது காட்டியது. அத்தகைய எக்ஸ்-கதிர் மூலத்தை ஒரு தொழிற்சாலையில் நிறுவ இயலாது. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற கணினி முறையைச் சாதாரண வெப்ப உணரியுடன் பயன்படுத்தலாம் என்பதே இந்த ஆய்வின் பயன்.

எனினும் உணரி தரும் எச்சரிக்கை ஒவ்வொன்றும் குறை ஆகிவிடாது. அடுத்த அடுக்கை உருக்கும்போது லேசர் கீழேயுள்ள அடுக்குகளையும் ஓரளவு மீண்டும் உருக்குவதால், முன்பு விழுந்த சிறு வெற்றிடம் தானாகவே மூடிக்கொள்ளலாம். எல்லா எச்சரிக்கைக்கும் அச்சை நிறுத்தினால் எந்தப் பாகமும் முடிவடையாது. எதையும் பொருட்படுத்தாமல் விட்டால் கண்காணிப்புக்கே பொருளில்லை. ஆகவே உணரிப் பதிவுகளைப் பின்னர் எடுக்கப்படும் எக்ஸ்-கதிர்ப் படங்களுடன் ஒப்பிட்டு, எந்தக் குறிப்பு உண்மையான குறையைக் காட்டியது என்பதை ஒவ்வோர் உலோகத்துக்கும் தனியே வரையறுக்க வேண்டியுள்ளது.

அச்சுக்குப் பின் நடைபெறுவது

முடிவடைந்த பாகத்தின் உட்புறத்தைக் காணச் சி.டி. ஸ்கேன் முறையே முதன்மையாகப் பயன்படுகிறது. மருத்துவமனைகளில் உள்ள கருவியின் தத்துவமே இதுவும். ராக்கெட் என்ஜின்களின் சுவருக்குள் எரிபொருள் ஓடிக் குளிர்விக்கும் மெல்லிய வழிகளில் தூள் அடைத்துக்கொண்டுள்ளதா என்பதையும் இது காட்டும்.

இதற்கும் வரம்பு உண்டு. 2,000 புள்ளிகள் அகலமுள்ள உணர்பலகையில் 20 சென்டிமீட்டர் அகலப் பாகம் முழுவதையும் படம் பிடித்தால், ஒரு புள்ளி 0.1 மில்லிமீட்டரைக் குறிக்கும். ஒரு குறையை உறுதியாக அடையாளம் காண அது சில புள்ளிகளாவது அகலம் கொண்டிருக்க வேண்டும். அதாவது, பாகம் பெரிதாக ஆக, கண்ணுக்குத் தப்பும் குறையின் அளவும் பெரிதாகிறது. நிக்கல் கலவை போன்ற அடர்ந்த உலோகங்கள் எக்ஸ்-கதிரைப் பெருமளவு உறிஞ்சிவிடுவது மற்றொரு தடை.

உயர் வெப்பத்தில் நாற்புறமும் வாயு அழுத்தம் கொடுத்து உள்துளைகளை மூடும் முறையும் நடைமுறையில் உள்ளது. ஆனால் மேற்பரப்பு வரை திறந்துள்ள துளைகளை இது மூடாது. எனவே பாகத்துடன் ஒரே தட்டில் சிறு சாட்சித் துண்டுகளும் அச்சிடப்படுகின்றன. அவற்றை இழுத்தும் உடைத்தும் சோதித்து, பாகத்தின் வலிமை மதிப்பிடப்படுகிறது.

இறுதியில் இயக்கிப் பார்க்கும் சோதனை வருகிறது. மகேந்திரகிரியில் 665 விநாடிச் சோதனைக்கு முன்னதாக, மொத்தம் 74 விநாடிகள் நீடித்த நான்கு சோதனைகள் நடத்தப்பட்டன. அதே மே மாதம் 30-ஆம் தேதி, சென்னையைச் சேர்ந்த அக்னிகுல் காஸ்மோஸ் நிறுவனம், ஒரே பாகமாக அச்சிடப்பட்ட என்ஜினைக் கொண்ட ராக்கெட்டை ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை முறையில் விண்ணில் செலுத்தியது.

எண்ணிக்கை குறைந்தால் பொறுப்பு கூடும்

ஒரே பாகம் ஆயிரக்கணக்கில் தயாராகும்போது, சிலவற்றை அறுத்துச் சோதித்து மற்றவற்றின் தரத்தை ஊகிக்க முடியும். ஜி.இ. நிறுவனம் லீப் விமான என்ஜினுக்காக அச்சிடும் எரிபொருள் முனை இதற்குச் சான்று. சுமார் 20 பாகங்களை ஒன்றாக்கிய அம்முனையின் உற்பத்தி 2021-இல் ஒரு லட்சத்தைத் தொட்டது. ராக்கெட் என்ஜின்கள் அந்த எண்ணிக்கையில் தயாராவதில்லை. அறுத்துப் பார்க்கும் ஒவ்வொன்றும் பெரும் இழப்பாகும்.

இதற்கு விடையாக, பாகத்துக்குச் சான்றளிப்பதோடு நில்லாமல் அதை உருவாக்கிய செயல்முறைக்கும் சான்றளிக்கும் அணுகுமுறை வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் நாசா 2021 ஏப்ரலில் வெளியிட்ட தரநிலை, பாகம் பழுதுபட்டால் நேரும் விளைவைப் பொறுத்து அதனை வகைப்படுத்துகிறது. விளைவு கடுமையானதாக இருந்தால், கண்காணிப்பும் அதற்கேற்பக் கடுமையாகிறது. இந்தியாவில் மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2022 பிப்ரவரியில் இத்துறைக்கான தேசிய உத்தியை வெளியிட்டது.

கட்சாலுக்கு இதன் பொருள் என்ன?

ஒரே ஒரு பாகம் மட்டும் தேவைப்படும் இடத்தில் இந்தக் கேள்வி மேலும் கூர்மையடைகிறது. ரப்பர் தோட்டப் பணிக்காக இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட கட்சால் தீவு, 2004 ஆழிப்பேரலையில் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தது. படகு என்ஜினுக்கோ நீரேற்றும் பம்புக்கோ உதிரிபாகம் தேவைப்பட்டால் அது கடல் கடந்தே வந்தாக வேண்டும். தேவைப்படும் இடத்திலேயே பாகத்தை அச்சிடுவது, இத்தகைய ஊர்களுக்கு முப்பரிமாண அச்சு அளிக்கும் முக்கிய நம்பிக்கை.

அமெரிக்கக் கடற்படை 2022-இல் தனது போர்க்கப்பல் ஒன்றில் உலோக அச்சுப்பொறியைப் பொருத்தியது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் உலோக அச்சுப்பொறி 2024-இல் சர்வதேச விண்வெளி நிலையத்தில் செயல்பட்டது. ஆனால் அங்கே அச்சிடப்பட்ட மாதிரியின் தரத்தை ஆராய அதனைப் பூமிக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. அச்சுப்பொறி தொலைதூரம் சென்றுவிட்டது. சோதனைக்கூடம் இன்னும் செல்லவில்லை.

கட்சாலில் ஓர் அச்சுப்பொறி நிறுவப்பட்டாலும் இதே நிலையே ஏற்படும். மழையும் கடற்காற்றும் மிகுந்த நிகோபாரில் தூளை ஈரமின்றிப் பேணுவதே முதல் சவாலாக இருக்கும். ஈரம் ஏறிய தூள் சீராகப் பரவாது. அலுமினியத் தூளில் ஈரம் இருந்தால் ஹைட்ரஜன் துளைகள் உண்டாகும். சி.டி. ஸ்கேன் வசதிக்காகப் பாகத்தைக் கப்பலில் அனுப்ப வேண்டுமெனில், அங்கேயே அச்சிட்டதன் பயன் குறைந்துவிடும்.

எனவே அச்சுப்பொறியே தன் வேலையைத் தானே சோதித்து, நம்பத்தக்க பதிவை அளிக்கும் நிலை வர வேண்டும். அதுவரை தீவுகளில் அச்சிடத்தக்கவை, முறிந்தாலும் உயிருக்கு ஆபத்து விளைவிக்காத மூடிகளும் தாங்கிகளும் போன்ற பாகங்களே. நடுக்கடலில் படகைச் செலுத்தும் பாகத்தின் உட்புறத்தில் என்ன இருக்கிறது என்பதை, அதனைப் பொருத்துபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். மகேந்திரகிரியில் என்ஜினை 665 விநாடிகள் எரித்துப் பார்த்ததும் அந்த உறுதிக்காகத்தான்.